இந்த வருசமும் அழ வேணுமோ?

சித்திரை முடிகிற நேரம். பின்னேரம் கோழிகளுக்குத் தவிடு குழைத்துக்கொண்டு நின்றேன். அடுத்த வளவுப் பிள்ளை கண்டாயத்தடியில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "ரீச்சர், இந்த வருசமும் கஞ்சி காய்ச்சத்தான் வேணுமோ?" என்று கேட்டாள்.

கேட்டவள் கல்நெஞ்சுக்காரி இல்லை. 2009 இல் முள்ளிவாய்க்காலில் தகப்பனையும் தமையனையும் விட்டுவிட்டு வந்தவள். மே 18 கஞ்சிக்கு எங்கள் ஒழுங்கையில் முதல் அடுப்பு மூட்டுவதும் அவள்தான். அரிசி, தண்ணீர், உப்பு. போரின் கடைசி நாட்களில் அந்தக் கடற்கரையில் சனத்தின் உயிரைப் பிடித்து வைத்திருந்தது அந்தக் கஞ்சிதான். இப்போது வருசா வருசம் அதே நாளில் காய்ச்சிச் சிரட்டையில் வார்த்துக் குடிக்கிறோம். இந்த முறை அவளின் மூத்த மகள் பெரிய பிள்ளையாகிவிட்டாள். சாமத்தியவீட்டுக்கு ஐயர் குறித்துக் கொடுத்த நாள், பதினெட்டாம் திகதிக்கு அடுத்து வருகிற ஞாயிறு. பந்தல் பேசியாயிற்று, வீடியோக்காரருக்கு முற்பணம் கொடுத்தாயிற்று, கனடாவிலிருந்து தம்பி மாமன் முறை செய்ய வருகிறான்.

"ஒரு கிழமைக்குள்ள அழவும் வேணும், ஆராத்தி எடுக்கவும் வேணும். இது சரியோ ரீச்சர்?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தைத் தேடினேன். அவளுக்கு முன்பே ஒரு ஊர்ச்சனம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறது.

கி.மு. 518. பெத்தேல் என்ற ஊரார், சரேத்சேர் என்பவரையும் ரெகெம்மெலேக் என்பவரையும் வேறு சிலரோடு எருசலேமுக்கு அனுப்பினார்கள். பாபிலோன் படை கி.மு. 586 இல் எருசலேமை உடைத்து, சாலொமோன் கட்டிய ஆலயத்தை எரித்தது ஓர் ஐந்தாம் மாதத்தில். அன்றிலிருந்து ஒவ்வோர் ஐந்தாம் மாதமும் சனம் உபவாசமிருந்து அழுதது. பிறகு பாரசீகர் பாபிலோனைப் பிடித்தார்கள், கோரேஸ் அரசன் போகலாம் என்றான், ஒரு பகுதிச் சனம் ஊர் திரும்பியது. இவர்கள் வந்து கேட்கும்போது புது ஆலயம் அரைகுறையாக எழும்பி நிற்கிறது. கோயிலே எழும்புகிறது, இத்தனை வருசம் அழுதது போல இனியும் அழ வேண்டுமா என்பதுதான் கேள்வி. சகரியா என்ற தீர்க்கதரிசியின் புத்தகத்தில், ஏழாம் அதிகாரத்தில், திகதியோடு இது பதிந்திருக்கிறது. அவர் என்ன சொன்னார் என்பதற்குக் கடைசியில் வருகிறேன். அவரும் உடனே சொல்லிவிடவில்லை.

நான் சைவக்காரி. தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள். எனக்கு ஏது வேதப்புத்தகம் என்று கேட்பீர்கள். 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாமில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சனத்தை அடைத்து வைத்திருந்தார்கள். அந்த முகாமின் பகுதிகளுக்குத் தமிழ்ப் பெரியார்களின் பேர்: கதிர்காமர், அருணாசலம், இராமநாதன், ஆனந்தகுமாரசாமி. நாங்கள் இருந்தது ஆனந்தகுமாரசாமியில். சிவ நடனத்தைப் பற்றி 1918 இலேயே உலகத்துக்குப் புத்தகம் எழுதிய மனுசனின் பேரை முள்ளுக்கம்பிக்கு வைத்திருந்தார்கள். வாசிக்க ஒரு துண்டுக் கடதாசி இல்லை. அடுத்த தறப்பாளில் இருந்த ஒரு பிள்ளை, புதுக்குடியிருப்புப் பக்கம் சபைக்குப் போய் வந்தவள், உடுத்த உடுப்போடு கொண்டு வந்த ஒரே சாமான் அந்தப் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமம். பகலில் தந்து இரவில் வாங்கிக்கொள்வாள். வெளியேறுகிற அன்று என்னிடமே விட்டுவிட்டுப் போனாள்.

தமிழ் வாத்தி புத்தி முதலில் சொல்லில்தான் போய் நின்றது. 'கெம்பீரம்' என்று கண்டால் எனக்கு மிடுக்கு, பெருமிதம் என்றுதான் படும். வேதத் தமிழிலோ அது வாய்விட்டு ஆர்ப்பரிப்பது. 'களிகூருதல்' பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. சங்கத் தமிழில் களி என்றாலும் மகிழ் என்றாலும் கள்ளின் வெறியும் அதற்குள் கிடக்கும். பிழையில்லை, எபிரேயருக்கும் கொண்டாட்டச் சத்தம் என்றால் திராட்சை மிதிக்கிற ஆலையின் கூச்சல் ஞாபகம் வரும். மிரியாமும் பெண்களும் தம்புருவோடு நடனமாடினார்கள் என்று வாசித்தபோது மட்டும் சிரித்துவிட்டேன். தம்பூராவைத் தூக்கிக்கொண்டு எப்படி ஆடுவது? மூலத்தில் அது கையில் பிடித்துத் தட்டுகிற சின்னத் தோற்கருவி, கஞ்சிரா மாதிரி. முகாமில் நான் சிரித்த முதல் சிரிப்பு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

செப்பனியா என்ற தீர்க்கதரிசியின் புத்தகத்துக்கு வந்தேன். மூன்றே அதிகாரம், 53 வசனம். கி.மு. 609 இல் இறந்த யோசியா அரசனின் காலத்தவர். தொடக்கமே மனிதர், மிருகம், பறவை, மீன் என்று ஒன்றும் மிச்சமில்லாமல் வாரி எடுத்துவிடுவேன் என்பது. வாரி எடுத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருந்தோம். மூடி வைக்கப் பார்த்தேன். ஆனாலும் மூன்றாம் அதிகாரம் மட்டும் போய்ச் சேர்ந்தேன். அதன் நடுவில் ஒரே மூச்சில் நாலு ஏவல் வினை: பாடு, ஆர்ப்பரி, மகிழ், களிகூர். மூன்று வசனம் தள்ளி, பாடுவது சனமில்லை, கடவுள். தன் சனத்தைப் பார்த்துச் சந்தோசப்படுகிறார், அன்பினால் பேச்சற்றுப் போகிறார், பிறகு பாட்டோடு களிக்கிறார். அங்கே நிற்கிற எபிரேய வினைக்குச் சுழன்று ஆடுவது என்ற பொருளையும் சேர்த்துப் பார்க்கிற அறிஞர்கள் உண்டு.

ஆடும் கடவுள் எங்களுக்குப் புதினமில்லை. யாரைக் கூட்டி வைத்துக்கொண்டு ஆடுகிறார் என்பதுதான் புதினம். தில்லையில் பதஞ்சலியும் வியாக்கிரபாதரும் காண ஆடினார், பெருந்தவம் செய்தவர்கள். செப்பனியாவின் கடவுளைச் சுற்றி நிற்பவர்கள் நொண்டிகளும் துரத்தப்பட்டவர்களும். தண்ணி பவுசருக்கு வாளியோடு வரிசையில் நின்றுகொண்டு இதை யோசித்தேன். ஆனந்தகுமாரசாமி இருந்திருந்தால் கேட்டிருக்கலாம்.

சைவக்காரிக்கு இது என்ன வேலை என்று ஊரில் முணுமுணுத்தவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது ஆறுமுக நாவலரை. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழாக்கியபோது, 1850 இல் வெளிவந்த அந்தப் பதிப்புக்குத் தமிழ் பார்த்துக் கொடுத்தவர் நாவலர். புத்தகத்தை அவ்வளவு நுணுக்கமாக வாசித்த படியால்தான் 1854 இல் 'சைவ தூஷண பரிகாரம்' எழுத முடிந்தது. விளக்கு, தூபம், அபிஷேகம், திருவிழா எல்லாம் அஞ்ஞானம் என்று மிசனரிமார் சொல்ல, உங்கள் எருசலேம் ஆலயத்திலும் இதெல்லாம் நடந்ததே என்று அவர்களின் வேதத்தையே எடுத்துக் காட்டினார். சண்டைக்குத்தான் காட்டினார். காட்டியதில் பொய்யில்லை.

எரேமியா என்ற தீர்க்கதரிசியின் புத்தகத்தில் இரண்டு இடம் என்னைப் பிடித்து உலுக்கியது. இருபத்தைந்தாம் அதிகாரத்தில் தேசத்திலிருந்து பறிபோகப் போகிறவற்றை எண்ணுகிறார். சந்தோசச் சத்தம், மகிழ்ச்சிச் சத்தம், மாப்பிள்ளையின் குரல், பொம்பிளையின் குரல், திரிகைச் சத்தம், விளக்கு வெளிச்சம். அரண்மனையையும் பொன்னையும் எண்ணவில்லை, காதுக்கும் கண்ணுக்கும் அன்றாடம் பழகியவற்றை எண்ணினார். முப்பத்து மூன்றாம் அதிகாரத்தில் மனிதரும் மிருகமும் அற்றுப்போன அதே இடத்தில் இவை திரும்பக் கேட்கும் என்கிறார். சந்தோசம் வருகிறது, மகிழ்ச்சி வருகிறது, மாப்பிள்ளையும் பொம்பிளையும் வருகிறார்கள், கோயிலுக்கு நன்றிக் காணிக்கை கொண்டு போகிறவர்கள் பாடிக்கொண்டு வருகிறார்கள். திரிகையும் விளக்கும் பட்டியலில் இல்லை. கலியாணவீடு வந்தால் மா இல்லாமலும் விளக்கு இல்லாமலும் நடக்குமோ, அதனால்தான் விட்டிருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மற்ற இடம் காணி விசயம். பாபிலோன் படை நகரை முற்றுகையிட்டு நிற்கிறது. எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். தகப்பனின் சகோதரன் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் வயலை வாங்கிக்கொள் என்கிறான். எதிரி ஏறி நிற்கிற வயல். மூளை உள்ளவன் வாங்குவானா? எரேமியா 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுக்கிறார். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 200 கிராம். சாட்சி வைத்து உறுதி எழுதி, முத்திரை போட்ட பிரதியையும் திறந்த பிரதியையும் மண்பானையில் போட்டு வைக்கச் சொல்கிறார், கனகாலம் கெடாமல் இருக்க. இந்த நாட்டில் திரும்பவும் வீடும் வயலும் விற்று வாங்குவார்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். என் மாமியார் எங்கள் காணி உறுதியைப் பொலித்தீனில் சுற்றிப் பால்மா ரின்னுக்குள் வைத்து, மெழுகுதிரி மெழுகால் மூடியை ஒட்டி, இடம்பெயர்ந்த ஒவ்வொரு ஊரிலும் தாட்டுத் தாட்டு எடுத்துக்கொண்டு வந்தார். எழுத வாசிக்கத் தெரியாத மனுசி. எரேமியா யாரென்றும் தெரியாது.

2010 இல் ஒட்டுசுட்டானுக்குத் திரும்பினோம். இந்த ஊர்ப் பேருக்கே ஒரு கதை சொல்வார்கள். அறுவடை முடிந்த ஒட்டுத்தாளை ஒரு கமக்காரன் சுட்டான். எரிந்த நிலத்தில் சிவலிங்கம் கிடந்தது. அந்த இடம்தான் தான்தோன்றீஸ்வரர் கோயில். சுட்டது சாம்பலாகவில்லை என்ற கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருந்தாலும், பற்றை மண்டிய வீதியில் தறப்பாளைத் தூக்கிக்கொண்டு இறங்கிய அன்று அது ஞாபகத்துக்கு வரவில்லை. மாங்குளத்திலிருந்து வரும் வழியெல்லாம் கூரையில்லாத சுவர்கள்தான் ஞாபகம்.

திரும்பிய பிறகு கண்ட முதல் திருவிழாவை மறக்கேலாது. மேளம் தொடங்கினதும் பின்னால் நின்ற கிழவி ஒருத்தி குழறி அழத் தொடங்கினா. பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் அரோகரா என்று கத்தின. அந்தப் பிள்ளைகளுக்குப் பழைய திருவிழா தெரியாது. தவில், அரோகரா, குழறல் மூன்றும் சேர்ந்து ஒரே இரைச்சல். எது அழுகை, எது கும்பிடு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. இரவு வீட்டுக்கு வந்து எஸ்றாவின் புத்தகத்தை எடுத்தேன். மூன்றாம் அதிகாரத்தின் கடைசி. நாடு திரும்பிய யூதர் ஆலயத்துக்கு அத்திவாரம் போட்ட அன்று, பழைய ஆலயத்தைக் கண்ட கிழவர்கள் உரத்து அழுதார்கள், இளசுகள் ஆர்ப்பரித்தார்கள். ஆர்ப்பரிப்பையும் அழுகையையும் பிரித்தறிய முடியாத சத்தம் தூரத்துக்குக் கேட்டது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கிழவர்களை யாரும் வாயை மூடச் சொன்னதாக இல்லை.

யூதரின் பண்டிகைகளில் எனக்கு மிகவும் பிடித்தது கூடாரப் பண்டிகை. அறுவடை சேர்த்து முடிந்ததும் ஏழு நாள் வீட்டை விட்டு இறங்கிக் கொட்டிலில் இருக்க வேண்டும். எகிப்திலிருந்து தப்பி வந்த முன்னோர் கொட்டிலில் இருந்ததை மறவாமல் இருக்க. கூரை மரஞ்செடியிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும், நிழல் வெயிலை விடக் கூடவாக இருக்க வேண்டும், ஆனால் இரவில் இடைவெளிக்குள்ளால் நட்சத்திரம் தெரிய வேண்டும் என்பது இன்றும் அவர்கள் பார்க்கிற ஒழுங்கு. இதற்கு அவர்கள் வைத்திருக்கிற பேர் 'எங்கள் மகிழ்ச்சியின் காலம்'. ஒரு நாள் எல்லாத் தேசத்துச் சனமும் எருசலேமுக்கு வந்து இந்தப் பண்டிகையை ஆசரிப்பார்கள், வராதவர்களுக்கு மழை இல்லை என்று சகரியா கடைசி அதிகாரத்தில் சொல்கிறார். மழையைப் பிடித்துப் பயமுறுத்தியதில் அவர் கமக்காரரின் ஆள் என்று விளங்குகிறது. தறப்பாளுக்குள் வெயிலில் வெந்து, மழையில் மிதந்த எங்களுக்குக் கொட்டில் என்றாலே வெறுப்பு. வருசத்தில் ஏழு நாள் அதற்குள் போய் இருந்து விருந்து சாப்பிடுகிற சனம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அறிந்தபோது, முதலில் விசர் என்று நினைத்தேன். பிறகு நினைக்கவில்லை.

அந்தப் பண்டிகைக்குள் இன்னொரு கொண்டாட்டம் இருந்தது. சீலோவாம் குளத்திலிருந்து பொற்குடுவையில் தண்ணீர் மொண்டு, எக்காளம் ஊதி ஊர்வலமாக ஆலயத்துக்குக் கொண்டு வந்து பலிபீடத்தில் வார்ப்பார்கள். மீட்பின் ஊற்றுகளில் மகிழ்ச்சியோடு நீர் மொள்வதைப் பற்றி ஏசாயா பன்னிரண்டாம் அதிகாரத்தில் சொல்வதைப் பிற்கால ரபிமார் இதோடு சேர்த்துப் பேசினார்கள். இரவில் பெரிய பொன் விளக்குகள். திரி எதில் என்றால், குருமாரின் பழைய காற்சட்டையையும் இடைக்கச்சையையும் கிழித்துத் திரித்தது. பெரிய பெரிய பண்டிதர்மார் தீப்பந்தம் பிடித்து ஆடினார்கள், ஒருவர் எட்டுப் பந்தத்தை மேலே எறிந்து எறிந்து பிடித்தாராம். இந்தச் சந்தோசத்தைக் காணாதவன் வாழ்நாளில் சந்தோசமே கண்டதில்லை என்பது மிஷ்னா என்ற யூத நூலின் தீர்ப்பு. கி.பி. 70 இல் உரோமர் ஆலயத்தை இடித்ததோடு அந்தத் தண்ணீர் வார்ப்பு நின்றது.

தண்ணீரும் விளக்கும் ஊர்வலமும் என்றதும் எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாருக்கும் வற்றாப்பளை ஞாபகம் வரும். வைகாசிப் பொங்கலுக்கு முந்தின கிழமை முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் வைத்து, அந்த உப்புநீரில் விளக்கெரிப்பார்கள். பிறகு அது கண்ணகை அம்மன் கோயிலுக்குப் போகும், திங்கட்கிழமை விடிய விடியப் பொங்கல். தீர்த்தம் எடுக்கிற கடலும் கஞ்சி காய்ச்சிய முள்ளிவாய்க்கால் கடலும் ஒரே கரை. இரண்டும் வருவது ஏறக்குறைய ஒரே மாதத்தில்.

கொண்டாட்டம் எல்லாம் தீர்க்கதரிசிகளுக்குச் சம்மதம் என்று நினைக்க வேண்டாம். தெக்கோவா ஊர் ஆமோஸ், கி.மு. எட்டாம் நூற்றாண்டு, ஆட்டுக்காரர், காட்டத்திப் பழம் பதப்படுத்துகிறவர். அவரின் வாயால் கடவுள் சொல்வது: உங்கள் பண்டிகை எனக்கு வெறுப்பு, உங்கள் பாட்டிரைச்சலைக் கொண்டு போய்விடு, முதலில் நியாயம் தண்ணீராக ஓடட்டும். உயர்தரப் பரீட்சை நடக்கிற நேரம் நாலு மரத்தில் லவுட்ஸ்பீக்கர் கட்டி விடியப்புறம் மூன்று மணிக்கே பாட்டுப் போட்ட ஒரு கோயில் நிர்வாகத்திடம் நான் போய்க் கதைத்திருக்கிறேன். கோயிலின் பேர் வேண்டாம். சாமி விசயத்தில் தலையிடாதீங்கோ ரீச்சர் என்று அனுப்பிவிட்டார்கள். ஆமோசை அனுப்பியிருக்க வேண்டும்.

இனிச் சகரியாவின் பதில். ஆமென்றும் இல்லையென்றும் அவர் தொடங்கவில்லை. இத்தனை வருசம் உபவாசம் இருந்தது எனக்காகவா என்று கடவுள் கேட்பதாகத் திருப்பிக் கேட்டார். விதவையையும் அநாதையையும் பரதேசியையும் ஏழையையும் நெருக்காதே என்றார். அடுத்த அதிகாரத்தில் ஒரு வீதியைக் காட்டுகிறார். கிழவரும் கிழவியும் தெருவில் குந்தியிருக்கிறார்கள், கையில் தடி. தெரு முழுக்கப் பொடியளும் பெட்டையளும் விளையாடுகிறார்கள். அவ்வளவுதான் அவர் கண்ட சொர்க்கம். அதில் ஒரு சின்னச் சொல்லில் நான் ஒவ்வொரு முறையும் தடுக்கி நிற்பேன். கையில் தடி இருப்பது வயதினால் என்கிறார். எங்கள் வீதியில் இருபது வயதில் தடி பிடித்தவர்கள் இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் பதில். நாலாம் மாதம், ஐந்தாம் மாதம், ஏழாம் மாதம், பத்தாம் மாதம் என்று நாலு துக்க உபவாசங்களும் சந்தோசமாகவும் களிப்பாகவும் பண்டிகையாகவும் மாறும். ஆகவே உண்மையையும் சமாதானத்தையும் விரும்புங்கள் என்று முடிக்கிறார். உண்மை முன்னுக்கு நிற்கிறது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 இலிருந்து வீதியோரம் இருந்து கேட்பது அந்த முதற்சொல்லைத்தான். அது இன்னும் வரவில்லை.

யூதர் இன்றைக்கும் ஐந்தாம் மாதம், ஆப் மாதத்து ஒன்பதாம் நாள், உபவாசம் இருக்கிறார்கள். நிலத்தில் குந்தியிருந்து புலம்பல் என்ற புத்தகத்தை வாசிக்கிறார்கள். அன்றிலிருந்து 65 நாளில் கொட்டில் கட்டிக் கூடாரப் பண்டிகை கொண்டாடுகிறார்கள். ஒன்றுக்காக மற்றதை விடவில்லை.

அடுத்த நாள் அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். "கஞ்சியும் காய்ச்சு பிள்ளை, சாமத்தியவீட்டையும் செய். பாட்டுப்பெட்டியை மட்டும் பத்து மணியோட நிப்பாட்டு."

"கஞ்சிக்கும் பலகாரத்துக்கும் அரிசி வேற வேற எடுக்க வேணுமோ ரீச்சர்?"

வேண்டாம் என்றேன். மாங்குளச் சந்தியில் ஆட்டக்காரி அரிசி ஒரு மூட்டை எடுத்து அவள் வீட்டில் இறக்கியாயிற்று.